பத்து நாள் தொண்டுக்கு விமானம் ஏறுமுன்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவேயுள்ள தொடர்மாடி ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. மூத்த மகள் தனியார் உயர்கல்வி நிறுவனமொன்றில் இரண்டாம் வருடம் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வழிபாட்டுக்குப் போவார். தாத்தா காலத்திலிருந்து அதுதான் அவர்களுடைய கோயில். அங்குள்ள இளைஞர் குழுவோடு வருகிற விடுமுறையில் நேபாளம் போகத் திட்டம். காத்மண்டுவிலுள்ள சிறுவர் இல்லமொன்றில் பத்து நாட்கள் தங்கி ஆங்கிலம் படிப்பிப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, சுவருக்கு வர்ணம் பூசுவது என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருக்கிறார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் ரூபா.

தாய்க்கு இதில் முழு விருப்பமில்லை. “இஞ்ச செய்யிறதுக்கு ஒண்டும் இல்லாமலே அங்க போறாய்?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்து, “அக்கா, நீங்கள் பத்திரிகையில எழுதிற ஆள்தானே, விசாப் பிரச்சினை ஏதும் வருமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ” என்றார். விசாவைப் பார்க்கத்தான் ஆரம்பித்தேன். விஷயம் விசாவோடு நிற்கவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சார்க் நாட்டவர் என்பதால் இலங்கையர் நேபாளத்துக்குள் நுழைவது சுலபம். 30 நாள் விசா காத்மண்டு விமான நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது சுற்றுலா விசா. அதை வைத்துக்கொண்டு ஊதியத்துக்கோ ஊதியமின்றியோ வேலை செய்யக்கூடாது என்பது நேபாளக் குடிவரவுத் துறையின் விதி. தொண்டும் அதில் அடங்கும். அதைவிடப் பாரதூரமானது மதமாற்றம் பற்றிய சட்டம். 2015 ஆம் ஆண்டு அரசியலமைப்பு மதமாற்றத்தைத் தடைசெய்தது. 2018 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டக்கோவையின் 158 ஆவது பிரிவு, ஒருவரை மதம் மாற்றினாலோ அதற்குத் தூண்டினாலோ ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. குற்றவாளி வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்து ஏழு நாட்களுக்குள் நாடு கடத்தப்படுவார். பிள்ளைகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது இதில் விழுமா விழாதா என்பதை முடிவெடுப்பது முறைப்பாடு செய்பவரும் பொலிஸாரும்தான். அந்த மாணவிக்கு இது எதுவும் தெரியாது. குழுத் தலைவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது அந்தச் சிறுவர் இல்லம். நேபாளத்தில் இப்படியான இல்லங்கள் வறுமை மிகுந்த மலைக் கிராமங்களில் அதிகம் இல்லை. காத்மண்டு போன்று வெளிநாட்டார் வந்துபோகிற இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. அவற்றில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று சொல்லிக் கிராமத்திலிருந்து தரகர்கள் அழைத்து வருவார்கள். வந்த பிள்ளை அநாதையாகக் காட்டப்படும். பார்க்க வருகிறவர்கள் கண்ணீர் விட்டுக் காசு கொடுப்பார்கள். இல்லம் நடக்க வேண்டுமானால் பிள்ளைகள் தொடர்ந்து இருக்க வேண்டும், அவர்கள் ஏழைகளாகத் தெரியவும் வேண்டும். எல்லா இல்லங்களும் இப்படியல்ல. ஆனால் பத்து நாள் போய் நிற்கிறவருக்கு எது எப்படி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

2017 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று இந்தப் போக்கை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டுத் தேவாலயங்களும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மாணவர்களை இப்படியான இல்லங்களுக்கு அனுப்பி வந்ததுதான் காரணம். நாம் இதை நேபாளத்தின் கதை என்று தள்ளிவைக்க முடியாது. இலங்கைச் சிறுவர் இல்லங்களைப் பற்றி சேவ் த சில்ரன் அமைப்பு 2005 இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரியவந்தது: பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார், அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் வறுமைக்குப் பெரிய பங்கு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பிள்ளையோடு பத்து நாட்கள் விளையாடி, மடியில் வைத்துப் படம் எடுத்து, பிறகு போய்விடுவது வருகிறவருக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. பிள்ளைக்கு அது மாதம் ஒரு தடவை நடக்கிறது.

விசுவாசத்தின் பெயரால் மாணவர்கள் கடல் கடந்து போகும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது நம்மை யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து விடுகிறது. 1806 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐவர் வெளியே ஜெபிக்கக் கூடினார்கள். இடி மழை வந்தது. பக்கத்திலிருந்த வைக்கோற்போரில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு யாராவது போக வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. நான்கு வருடத்தில், 1810 இல், அமெரிக்க மிஷன் சபை உருவானது. 1812 இல் முதல் குழு கல்கத்தாவுக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைத் தங்க விடவில்லை. அந்தக் குழுவிலிருந்த ஹரியற் நியூவெல் என்ற இளம் பெண் அங்கிருந்து மொரீஷியஸுக்குப் போன இடத்தில் 19 வயதில் இறந்தார். கணவர் சாமுவேல் நியூவெல் தனியே 1813 இல் இலங்கைக்கு வந்தார். இங்கே ஆட்சி கம்பனியுடையதல்ல, முடியுடையது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. யாழ்ப்பாணம் தகுந்த இடம் என்று அவர் ஊருக்கு எழுதினார்.

1815 ஒக்டோபரில் நியூபரிபோர்ட்டிலிருந்து புறப்பட்ட ட்ரையாட் என்ற கப்பல் ஐந்து மாதம் கழித்து, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், வைக்கோற்போரில் ஒதுங்கிய ஐவரில் ஒருவர். சில மாதங்கள் கொழும்பில் தங்கியிருந்து, ஆளுநர் பிரவுன்றிக்கின் அனுமதியோடு வடக்கே போனார்கள். ரிச்சர்ட்ஸ் 1822 இல் தெல்லிப்பழையில் இறந்தார். கூட வந்த எட்வர்ட் வொரன் நோயுற்று 1818 இல் கேப் டவுனில் இறந்தார். டானியல் பூவர் தமிழ் படித்து, 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியை நடத்தி, இடையில் மதுரைக்கும் போய்வந்து, 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். பின்னால் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

இவர்களைப் புனிதர்களாக்க நான் விரும்பவில்லை. மதம் மாற்றத்தான் வந்தார்கள், அதை அவர்கள் மறைக்கவுமில்லை. உள்ளூர்ச் சைவத்தைப் பற்றி அவர்கள் எழுதியவற்றை இன்று படித்தால் கோபம் வரும்; அன்றும் வந்தது, ஆறுமுக நாவலரின் இயக்கமே அதற்குச் சாட்சி. ஆனால் மொழி தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போகும் திகதியைப் போட்டுக்கொண்டு அவர்கள் வரவில்லை. விசா மறுப்பும் அன்றே இருந்தது: 1820 இல் அச்சுக்கூடம் நடத்த வந்த ஜேம்ஸ் கரட் என்பவரை எட்வர்ட் பார்ன்ஸின் நிர்வாகம் தங்கவிடவில்லை. அவர் பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று.

பயணம் ஆயுளிலிருந்து வாரக் கணக்குக்குச் சுருங்கியது இருபதாம் நூற்றாண்டில். 1957 கோடை விடுமுறையில் ஜோர்ஜ் வேர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் நண்பர் இருவரோடு ஒரு பழைய வாகனத்தில் மெக்சிக்கோ போனார். ஒப்பரேஷன் மொபிலைசேஷன் என்ற உலகளாவிய அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. விமானக் கட்டணம் குறையக் குறைய, விடுமுறையில் போய்வருவது அமெரிக்க, கொரியத் தேவாலயங்களில் இளைஞர்களுக்கு ஒரு சடங்கு போலாகிவிட்டது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்பதைக் கணக்குப் பார்த்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். 1998 இல் மிட்ச் சூறாவளி ஹொண்டூராஸை அழித்த பிறகு, வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் வீடு கட்டிக்கொடுக்கப் போயின. கல்வின் கல்லூரியைச் சேர்ந்த கேர்ட் வேர் பீக் அந்த வீடுகளை ஆராய்ந்து 2006 இல் எழுதினார். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டை ஏறக்குறைய 2,000 டொலருக்குக் கட்டியது. பயணச் செலவையும் சேர்த்தால் வெளியிலிருந்து வந்த குழுவுக்கு ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டொலர் போயிருந்தது. வீடு கிடைத்தவர்களிடையே, யார் கட்டிக்கொடுத்தார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போய்வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பிறகு கொடுத்த நன்கொடைகளில் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

நமக்கு இது புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு 2005 இல் எங்கள் பாடசாலைக்கும் ஒரு குழு வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. சிரித்த முகங்கள், ஒரே நிறச் சட்டைகள். இரண்டு நாட்கள் சுவருக்கு வர்ணம் பூசி, பலூன்களும் தமிழ் எழுத்துகளும் வரைந்தார்கள். ‘அ’வுக்குக் கால் மறுபக்கம் திரும்பியிருந்தது. அந்த வேலையை வழமையாகச் செய்கிற பெயின்ற் பாஸ் ஒழுங்கை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. சுனாமியில் வீட்டை இழந்தவர் அவர். அந்த வேலைக்கான கூலி அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். நாங்கள் பாட்டுப் பாடி நன்றி சொன்னோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதையும் மறைக்கக் கூடாது.

அதே மாதங்களில் மொறட்டுவையில் நடந்தது சர்வதேசப் பத்திரிகைகளில் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரிலுள்ள அன்ரியொக் தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் நிவாரண முகாமில் உதவியோடு ஜெபத்தையும் கொடுத்தார்கள் என்று 2005 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களையும் இது சங்கடப்படுத்தியது. காரணம் எளிது: வந்தவர் போய்விடுவார், சந்தேகம் இங்கே இருப்பவர் மேல் விழும். அதற்குச் சில மாதம் முன்புதான், 2004 இல், கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தை ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்தச் சூடு இன்னும் பழையது. 1883 உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே அங்கு மூண்ட கலவரம் வரலாற்றில் இருக்கிறது.

ஆக, நேபாளத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபைக்கு, கொழும்பிலிருந்து போகும் எட்டுப் பத்துப் பேர் என்ன விட்டுவரக்கூடும் என்பதை ஊகிக்க நமக்கு அதிக கற்பனை தேவையில்லை.

நேபாளம் தவிர வேறு நாடுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் இ-சுற்றுலா விசாவில் பணம் பெறாத குறுகிய காலத் தொண்டு ஒரு மாதம் வரை செய்யலாம்; மதப் பிரசாரத்துக்கு அது செல்லாது. 2020 இல் டில்லி நிசாமுதீன் தப்லீக் கூட்டத்துக்குப் பிறகு 960 வெளிநாட்டவர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது சுற்றுலா விசாவைக் காரணம் காட்டித்தான். 29 பேர் மீதான வழக்குகளை பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அந்த ஆகஸ்ட்டில் இரத்துச் செய்தது. ஆனால் அதுவரை நாட்கள் போனது போனதுதான். பிரித்தானியாவில், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம், ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. அதுதான் நோக்கம் என்றால் தொண்டுப் பணியாளர் விசா வேண்டும். அமெரிக்கா பி-1 விசாவில் மத அமைப்புகளின் தன்னார்வத் திட்டங்களை ஏற்கிறது. ஆனால் நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரி கேள்வியையே ஆரம்பிப்பார். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 2023 இல் லிஸ்பன் உலக இளையோர் தினத்துக்காக வந்த அங்கோலா, கேப் வேர்டே நாட்டவர் 195 பேர் ஒரு மறைமாவட்ட நிகழ்ச்சிக்கு வந்து சேரவில்லை என்ற செய்தி, அடுத்துப் போகும் நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தின் மேலும் ஒரு நிழல்தான். வெள்ளைக்கார மாணவன் கட்டுநாயக்கவில் இறங்கும்போது எவரும் அவனிடம் வங்கிக் கணக்கறிக்கை கேட்பதில்லை. இவ்வளவுக்கும் நமது சுற்றுலா விசாவிலும் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ தொழில் செய்யக்கூடாது என்றுதான் நிபந்தனை இருக்கிறது.

போகவே கூடாது என்று நான் அந்த மாணவியிடம் சொல்லவில்லை. இருபது வயதில் இன்னொரு நாட்டைப் பார்ப்பது நல்லது, அதைப் பயணம் என்றே சொல்லிப் போகலாம். தொண்டு என்றால், அங்கிருந்து யார் அழைத்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது எழுத்தில் வேண்டும். கணக்கியல் படிக்கிறவர் அங்குள்ள அமைப்புக்கு ஒரு மாதம் இங்கிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சில மணி நேரத்தில் நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் வரிசை வெளியே நீண்டது, இனி வரவேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு. அங்கே யாரும் யாரிடமும் மதம் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் அவர்கள் வீட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். மகள் குறிப்பெடுத்தார். தாய் ஒன்றும் பேசாமல், இல்லத்திலிருந்து வந்த படங்களைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாக நின்று கையசைக்கும் பிள்ளைகள், பின்னால் வேறு ஏதோ நாட்டுக் குழு பூசிவிட்டுப் போன நீலச் சுவர். “இந்தப் பிள்ளையளின்ர தாய் தகப்பன் எங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை மகள் ஆங்கிலத்தில் எழுதிக் காத்மண்டுவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் வரும்வரை சீட்டுக்குப் பணம் கட்டுவதில்லை என்று குழுவுக்கும் சொல்லிவிட்டார்.