ஈரல் என்னும் ஊர்காவற்றுறை

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குச் சென்றுவந்தோர் ஊர்காவற்றுறையை அறிவர். போர்த்துக்கீசர் காலத்தில் யானைகள் கப்பலேறிய துறை அது. கடல்நடுவே அவர்கள் எழுப்பிய கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றி, அம்மன்ஹீல் என்று பெயரிட்டுக் காவலரணாக வைத்திருந்தனர். வெளியூர்ச் சரக்கேற்றி வந்த தோணிகள் இத்துறையில் நின்று, சோதனைக்குட்பட்டு, சுங்கம் தீர்ந்த பின்னரே தம் வழி சென்ற காலமும் உண்டு. ஊரைக் காக்கும் துறை என்னும் பெயர் அதற்குப் பொருந்துவதேயாம்.

நம் உடலிலும் அத்தகைய துறை ஒன்று உண்டு. நாம் உண்ணும் சோறும் மீனும் ஒடியற் கூழும் குடலிற் சமித்தபின், அவற்றின் சாரத்தை ஏந்திய இரத்தம் நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. குடல், இரைப்பை, மண்ணீரல், சதையி ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தம் யாவும் ஒன்றுகூடி, ஈரல்வாயி நாளம் என்னும் பெருங்குழாய் வழியாகக் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு இவ்வழியே வருவது. அங்கே சரக்குச் சோதனை நடைபெறுகிறது. சர்க்கரை சேமிக்கப்படுகிறது; நச்சுப் பொருள்கள் பிரிக்கப்படுகின்றன; புரத உணவு சிதைவதால் உண்டாகும் அமோனியா, தீங்கற்ற யூரியாவாக மாற்றப்படுகிறது. இவ்வாறு தூய்மையுற்ற பின்னரே இரத்தம் இதயம் செல்லும்.

சில குழந்தைகளோ இத்துறையைச் சுற்றிச் செல்லும் கள்ளக் கால்வாய் ஒன்றோடு பிறக்கின்றன. ஈரல்வாயி நாளத்துக்கும் இதயத்தை நோக்கிச் செல்லும் பெருநாளத்துக்கும் இடையே, இருத்தலாகாத குழாய் ஒன்று அமைந்துவிடுகிறது. சோதனை பெறாத இரத்தம் அதன் வழியே உடலெங்கும் பாய்கிறது. இலண்டன் இரணவைத்தியர் ஜோன் அபர்நெதி என்பவர், பத்து மாதப் பெண்குழந்தை ஒன்றின் உடலை ஆராய்ந்து, 1793 ஆம் ஆண்டில் இவ்விபரீதத்தை முதன்முதல் எடுத்துரைத்தார். ஆகவே இவ்வகைக் குறைபாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. முப்பதினாயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய ஒன்றுக்கு இத்தகைய குழாய் இருக்கலாம் என்று மருத்துவர் மதிப்பிடுகின்றனர்.

இதனை முற்றிலும் இயற்கைக்கு மாறானது என்று சொல்வதற்கும் இல்லை. கருப்பையிலே சிசுவுக்கு உணவைத் தூய்மை செய்து அனுப்புபவள் தாய். சிசுவின் ஈரலுக்கு அப்போது பெருவேலை இல்லை. அதனால் கொப்பூழ்க் கொடியின் இரத்தத்தில் ஒரு பகுதி ஈரலைத் தாண்டி விரைவதற்கென இயற்கையே ஒரு குறுக்குவழியை வைத்திருக்கிறது. பிறந்து ஓரிரு வாரத்துள் அது தானே மூடிக்கொள்ளும். மூடாது நின்றுவிடின் அதுவும் கள்ளக் கால்வாயாகிவிடுகிறது. ஈரலுக்குள்ளே அமைந்த சிறு குழாய்கள் பல, குழந்தைக்கு ஓரிரு வயதாகுமுன் தாமாகவே அடைபட்டுவிடுவதும் உண்டு. அத்தகைய குழந்தைகளுக்குக் காத்திருத்தலே சிகிச்சை.

காத்திருக்கலாகாத குழந்தைகளைப் பற்றியே நாம் இங்குக் கூறவந்தோம். ஈரல் நோய் என்றால் நம் தாய்மார் நினைப்பது செங்கமாரியை. கண் மஞ்சளித்தால் கீழ்க்காய்நெல்லி தேடுவது நம்மவர் வழக்கம். ஆனால் இக்குழந்தைகள் பலருக்குக் கண் மஞ்சளிப்பதில்லை, வயிறு வீங்குவதுமில்லை. பிள்ளை பகலிலும் தூங்கிவழிகிறது, பாடத்தில் மனஞ் செல்வதில்லை, காரணமின்றிச் சினங்கொள்கிறது. அமோனியா மூளையைத் தாக்குவதன் விளைவு இது. வீட்டாரோ மந்தம் என்பர். ஆசிரியர் சோம்பல் என்பர். பிரம்பும் எடுக்கப்பட்டிருக்கும்! வேறு சில பிள்ளைகளுக்குத் தீங்கு நுரையீரலிலே தோன்றும். ஓடியாடினால் மூச்சு வாங்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். விரல்நுனி பருத்து முரசுக் கோல்போலாகும். இதயத்தைச் சோதித்த மருத்துவர் அங்குப் பழுதொன்றுங் காணாது திகைப்பதும் உண்டு. ஈரலிற் கட்டிகள் தோன்றலாம். அவற்றுட் பெரும்பாலன தீங்கற்றவை எனினும், அரிதாகப் புற்றாக மாறுவனவும் உள. நுரையீரல் நாடிகளில் அழுத்தம் மிகுந்துவிட்டால், பின்னர்க் கால்வாயை அடைத்தாலும் அது முற்றாக நீங்காமற் போகலாம். ஆதலால் நோயைக் காணுங் காலமே இங்குப் பெரிதும் எண்ணத்தக்கது.

முற்காலத்தில் வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டுதலும், சிலருக்கு ஈரலையே மாற்றுதலும் அன்றி வேறு வழி இருக்கவில்லை. இன்று கத்தியின்றி இக்கால்வாயை அடைக்க முடிகிறது. அதற்கு வித்திட்டவரின் கதை சுவையானது. 1929 ஆம் ஆண்டில், ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் ஊரில், வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தம் கைநாளத்தினூடே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தினார். அதனோடே நடந்து சென்று, அதன் முனை தம் இதயத்தை அடைந்ததை எக்ஸ்கதிர்ப் படத்தில் உறுதிசெய்தார். மேலோர் அவரை மெச்சவில்லை. நோபல் பரிசு அவரைத் தேடிவந்ததோ 1956 இல்! அதற்கு மூன்றாண்டு முன்னர், ஸ்வீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசியால் நாளத்தைத் துளைத்து, அதனூடே கம்பியையும், கம்பியின்மேற் குழாயையும் செலுத்தும் எளிய முறையை 1953 இல் வெளியிட்டார். இன்றும் கைக்கொள்ளப்படுவது அம்முறையே.

அக்குழாயின் பெயர் கதீற்றர். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும் என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்குவித்த டொக்டர் சாமுவேல் கிறீன் இன்றிருந்தால் ஒரு சொல்லை ஆக்கித் தந்திருப்பார். நாம் கதீற்றர் என்றே மேற்செல்வோம்.

குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்து நாளத்தையோ தொடைமடி நாளத்தையோ ஊசியால் துளைக்கிறார்கள். எக்ஸ்கதிர்த் திரையை நோக்கியவாறே கதீற்றரைக் கள்ளக் கால்வாய்வரை கொண்டுசென்று, சாயமருந்து செலுத்திப் பார்க்கிறார்கள். அடுத்து நிகழ்வதே முழுச் சிகிச்சைக்கும் உயிர்நாடி. கால்வாயை உடனே அடைத்துவிடுவதில்லை. சிறு பலூன் ஒன்றை அதனுள் ஊதிச் சற்றுநேரம் மறித்து, ஈரல்வாயி நாளத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். ஏன் எனின், பிறந்தநாள் முதல் பயன்படாது கிடந்த ஈரற்கிளைகள் ஒடுங்கியிருக்கும். வெள்ளம் முழுவதையும் ஒரே வேளையில் அவற்றுட் புகுத்தினால், போக்கிடமின்றி இரத்தம் குடற்புறம் தேங்கும். இரத்தக்கசிவும் உறைவும் நேரலாம். அழுத்தம் மிகையாகாவிடின் அன்றே அடைத்துவிடுவர். மிகையாயின் கால்வாயை முதலிற் குறுக்கிவைத்து, ஈரற்கிளைகள் விரிந்த பின்னர் மறுமுறை முற்றாக அடைப்பர். சிலமாதம் தூர்ந்துகிடந்த வாய்க்காலில் நீரைச் சிறுகச் சிறுக விடும் கமக்காரனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடைப்பானும் ஓர் அற்புதம். நிக்கலும் தைத்தேனியமும் கலந்த நிற்றினோல் என்னும் உலோகக் கம்பியாற் பின்னிய வலைக்குஞ்சம் அது. கதீற்றருக்குள் நூல்போல் ஒடுங்கிக் கிடக்கும். வெளிப்பட்டதும் தன் பழைய வடிவை நினைவுகூர்ந்து விரிந்து, குழாய்ச்சுவரைப் பற்றிக்கொள்ளும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்திற் பிறந்த உலோகம் குழந்தையின் ஈரலுக்கு உதவுகிறது. அளவு தவறினால் அடைப்பான் இடம்பெயர்ந்து, இரத்தத்தோடு இதயப்புறம் சென்றுவிடுதலும் கூடும். அதனால் பழகிய கைகளே இதனைச் செய்ய வேண்டும். பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையின் குழந்தை இதய மருத்துவர்கள் இத்தகைய கால்வாய்களைக் கதீற்றரால் அடைத்து, தம் அநுபவங்களை மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். ஜெனீவாவில் பல நாட்டுக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டும் பதிவேடும் உண்டு. அரிய நோய்க்கு ஓரிடத்து அநுபவம் போதாதன்றோ?

ஈரலின் இரத்தக்குழாய்க் கோளாறு எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று வாசகர்கள் கொள்ளலாகாது. கைக்குழந்தைகளின் ஈரலிற் செங்கொத்தாகத் தோன்றும் குழாய்க்கட்டிகளையும் முன்னர்க் கதீற்றரால் அடைத்ததுண்டு. 2008 இல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகர வைத்தியர்கள், இதய நோயாளருக்கு வழங்கிவந்த புரொப்பிரனோலோல் என்னும் பழைய மருந்து தோலிலுள்ள அத்தகைய கட்டிகளைச் சுருங்கவைப்பதைத் தற்செயலாகக் கண்டனர். அதன்பின் ஈரற்கட்டிகள் பலவும் வாய்மருந்தாலேயே வசமாகின்றன.

நெடுந்தீவுத் தாய் ஒருத்தி தன் பிள்ளையின் நகம் நீலம் பூத்ததைக் கண்டால் அவள்முன் உள்ள வழி நீண்டது. படகேறிக் குறிகட்டுவான், அங்கிருந்து புங்குடுதீவும் வேலணையும் பண்ணைப் பாலமும் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை; அதற்கப்பால் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தொலைவிற் கொழும்பு. சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தாலோ முதற்படியே தடைப்படும். எனினும் முதற்சோதனைக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கொரோனாக் காலத்தில் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட, விரல்நுனியைக் கவ்வும் அச்சிறு கருவி போதும். நலமுள்ள பிள்ளையின் இரத்தத்திற் பிராணவாயு பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைவதில்லை. மீண்டும் மீண்டும் குறைந்தே காட்டினால், இதயத்தோடு ஈரலையும் ஸ்கான் செய்து பார்க்குமாறு வைத்தியரிடம் கேட்கலாம். பள்ளியில் தூங்கிவழியும் பிள்ளைக்கு அமோனியாச் சோதனை வேண்டுமா என்றும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

கால்வாய் அடைபட்டபின் அமோனியா சில நாட்களில் இறங்கிவிடும். நீலம் பூத்த உதடு சிவக்கச் சில மாதங்கள் ஆகலாம். இரத்தம் உறையாதிருக்கச் சிலகாலம் மருந்து உண்ண வேண்டும். குறித்த நாளிற் சென்று ஸ்கான் எடுத்து, ஈரற்கிளைகள் விரிகின்றனவா என்று பார்த்துவர வேண்டும். ஊசி புகுந்த இடத்தில் எஞ்சுவது கடுகளவு தழும்பு.