மலிவுக் கிட்டாருக்கு மதிப்பான குரல் வருமா?

திருமலை அடிவாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டோ வீணையோ சொல்லிவைப்பது பழைய வழக்கம். இப்போது மின்சாரக் கிட்டாரும் கூடத்திற்கு வந்துவிட்டது. மாதச் சம்பளக்காரர் வாங்கித் தரக்கூடியது மலிவான கருவியே. ஆறு மாதம் சென்றதும் பிள்ளை வந்து, "அப்பா, இதன் பிக்கப்பை மட்டும் மாற்றினால் லட்ச ரூபாய்க் கிட்டார்போல ஒலிக்குமாம்" என்பான். என் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. நான் கற்ற பாடம் பிறருக்கும் பயன்படலாம் என்று இதனை எழுதுகிறேன்.

என் மூத்த மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய கிட்டாரின் விலை எட்டாயிரம் ரூபாய். அவன் விரும்பிய பிக்கப் ஜோடியின் விலையோ ஏழாயிரம். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு அது, ஊரில் இருக்கும் தாயாருக்கு இரண்டு மாதம் அனுப்பும் தொகை. முதலில் மறுத்தேன். ஆனால், வசதியுள்ள தோழன் ஒருவனின் கருவிக்கு அருகே தன்னுடையதை வாசிக்க நாணி, சங்கத்துப் பொங்கல் விழாவில் மேடையேற மாட்டேன் என்று அவன் கூறியதாக அறிந்ததும் மனம் இளகிற்று. வாங்கிக் கொடுத்தேன்.

பிக்கப் என்பது யாது? காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட தத்துவமே இது. சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1931-இல், அமெரிக்காவில் பீச்சம் என்பவர் இதனைக் கிட்டாரில் அமைத்தார். ஒற்றைச் சுருள் தந்தியின் அதிர்வோடு, வீட்டு மின்கம்பிகளின் 50 சுழற்சி இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலை அடக்கும் வகையை 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் அமைத்தார். சுற்றுக்கள் மிகுந்தால் ஒலி வலுக்கும். ஆனால் உச்ச ஒலியின் கூர்மை மங்கும். ஆகவே விலையுயர்ந்த பிக்கப் எல்லாருக்கும் ஏற்றதென்று கொள்வதற்கில்லை.

புதியவற்றைப் பொருத்திய அன்று இரைச்சல் அடங்கியது உண்மை. பல தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்டது. பையன் மகிழ்ந்தான். ஆனால் பழைய குறைகளும் இப்போது துலக்கமாகக் கேட்டன! மூன்றாம் மெட்டில் தந்தி உராய்ந்து கரகரத்தது. நான்கு பாட்டு வாசிப்பதற்குள் சுருதி இறங்கிற்று. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? பிக்கப் வெறும் அகப்பையே.

பின்னர், வாத்தியம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் தந்திகளை மாற்றினார், கழுத்தின் வளைவைச் சீர்செய்தார், மெட்டுக்களை அராவினார், பிக்கப்பின் உயரத்தைத் திருகினால் இறக்கினார். காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் அதிர்வையே இழுத்துக் கெடுக்குமாம். கூலியும் தந்தியுமாகத் தொள்ளாயிரம் ரூபாய்.

ஒரே பாட்டை, ஒரே அறையில், மூன்று நிலைகளிலும் கைபேசியில் பதிந்து வைத்திருந்தோம். எது எதுவென்று கூறாமல் என் மனைவியைக் கேட்கச் செய்தேன். "இரண்டாவது சற்றுத் தெளிவு, மூன்றாவதுதான் சங்கீதம்" என்றாள்.

இவ்விடத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருகிறார். 1969-இல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்து, 2014-இல் சென்னையில் மறைந்த மேதை அவர். மேல்நாட்டு மாண்டலினில் இரட்டைத் தந்திகள் நான்கு ஜோடி உண்டு. அவற்றை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்சார மாண்டலினில் அவர் வாசித்தார். விரைவில் அடங்கிவிடும் நாதம், மின்சாரத்தால் நீண்டு கமகத்திற்கு இடம் தந்தது. ஆயினும் அந்தக் கமகம் பிறந்தது அவர் விரல்களிலேதான்.

எனவே பெற்றோர்க்குச் சொல்லுவேன்: முதலில் தந்தியை மாற்றுங்கள். அடுத்துக் கருவியைச் சீர்செய்யுங்கள். பிக்கப்பின் உயரத்தைத் திருத்துங்கள்; அதற்குச் செலவில்லை. ஒலிபெருக்கி நன்றாக உள்ளதா என்று பாருங்கள். இவ்வளவும் செய்த பின்னும் இரைச்சலோ மந்தமோ இருந்தால், அப்போது பிக்கப்பை மாற்றலாம், பயன் உண்டு. எட்டாயிரம் ரூபாய்க் கிட்டார் லட்ச ரூபாய்க் கிட்டார் ஆகாது. நல்ல எட்டாயிரம் ரூபாய்க் கிட்டார் ஆகும். பயிலும் பிள்ளைக்கு அது போதும்.

அந்த இரண்டு மாதமும் தாயாருக்குப் பாதிப் பணமே அனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் உறுத்திற்று. தொள்ளாயிரத்தில் தொடங்கியிருக்க வேண்டியதை ஏழாயிரத்தில் தொடங்கினேனே! இதை மகனிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. ஆனால் அன்றுமுதல் நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறான். வரும் பொங்கல் விழாவில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறான். அன்பர்கள் வந்து கேட்டு, விரலில் குறை இருந்தால் தயங்காமல் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.