பழைய பிரீ-ஆம்ப்: போனஸ் பணத்தைப் போடலாமா?

வெங்கடேச சுப்ரபாதத்தை எம்.எஸ். சுப்புலட்சுமி பாட, எச்.எம்.வி. கம்பெனி அதை இசைத்தட்டாக வெளியிட்டது 1963-ம் ஆண்டு. பிறகு 1980-ஐ ஒட்டி, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியில் அவர் பாடிய "பாலாஜி பஞ்சரத்னமாலா" தட்டுகள் வந்தன. திருப்பதிக்கும் சித்தூருக்கும் பிழைக்க வந்த தமிழர் வீட்டுப் பரண்களில் இந்தத் தட்டுகள் உறை கிழியாமல் இருப்பதுண்டு.

செல்போனைத் தட்டினாலே சுப்ரபாதம் கேட்கும் காலம் இது. ஆனாலும் அப்பா வாங்கி வைத்த தட்டைத் தட்டாகவே கேட்க வேண்டும் என்ற ஆசை சிலரை விடுவதில்லை. தேடி அலைந்து ஒரு டர்ன்டேபிள் வாங்குகிறார்கள். வீட்டில் உள்ள ஆம்பிளிபயரில் இணைக்கிறார்கள். பாட்டு கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. "இதற்கு பிரீ-ஆம்ப் வேண்டும் சார்" என்று யாரோ சொல்கிறார்கள். கூடவே பழைய பெட்டி ஒன்றையும் காட்டுகிறார்கள். "இங்கிலாந்து சரக்கு. இப்போது எங்கே கிடைக்கும்?" கேட்கும் விலையோ ஒரு மாதச் சம்பளம்!

வாங்கலாமா? அதற்கு முன்னால், அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வேலை

தட்டில் ஓடும் ஊசிக்கு மேலே இருப்பது கார்ட்ரிட்ஜ். அது காந்த வகையாக இருந்தால் அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் சுமார் 5 மில்லி வோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. ஆம்பிளிபயருக்கு அரை வோல்ட்டாவது வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்துவது பிரீ-ஆம்பின் முதல் வேலை.

இரண்டாவது வேலைதான் முக்கியம். தட்டு வெட்டும்போது மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனத்த ஒலியைக் குறைத்து வெட்டுகிறார்கள். அப்படியே வெட்டினால் ஊசி போகும் கோடு அகன்று பக்கத்துக் கோட்டில் இடித்துவிடும். மெல்லிய கீச்சொலியை உயர்த்தி வெட்டுகிறார்கள். தட்டின் இரைச்சல் அதில் அமுங்கிவிடும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1954-ம் ஆண்டு ஓர் அளவு வகுத்தது. பிறகு உலகமே அதை ஏற்றுக்கொண்டது. குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்துத் திருப்பித் தருவது பிரீ-ஆம்ப். அது இல்லாவிட்டால் எம்.எஸ். குரலே தகரக் குரலாகத்தான் கேட்கும்.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரே பெட்டியாக வந்த பழைய ரிக்கார்டு பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அதற்குத் தனி பிரீ-ஆம்ப் தேவையே இல்லை. இன்று விற்கும் புது டர்ன்டேபிள்கள் பலவற்றிலும் பிரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் "போனோ - லைன்" என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை "லைன்" பக்கம் தள்ளினால் முடிந்தது. இதைப் பார்க்காமல் பணத்தைக் கொட்டுவது, வீட்டில் பால் இருக்கும்போது மாடு வாங்கப் போவது போன்றது.

பெயர் பெரிது

பழைய சரக்கில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் "குவாட்". இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1936-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி. அதன் "33" என்ற பிரீ-ஆம்ப் 1967 முதல் 1982 வரை தயாரானது. நம் நாட்டில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. கல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் போன்ற உள்நாட்டுப் பெயர்களைத் தவிர்த்தால், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் கொண்டு வந்ததுதான். அந்த மவுசு இன்னும் போகவில்லை.

மவுசைப் பார்த்து ஏமாறக்கூடாது. "33" நல்ல கருவிதான். ஆனால் அது தன் ஜோடியான "303" பவர் ஆம்புக்கு ஏற்ப அரை வோல்ட் மட்டுமே தரும்படி செய்யப்பட்டது. இன்றைய பவர் ஆம்ப்கள் பல அதைவிட அதிகம் கேட்கும். எதிர்ப்பக்கம், சி.டி. பிளேயர் தருவது இரண்டு வோல்ட். "33" எதிர்பார்ப்பதோ அதில் இருபதில் ஒரு பங்கு. வால்யூமை இம்மி திருப்பினாலே வீடு அதிரும். பின்னால் உள்ள வட்டத் துளைகளும் பழைய ஜெர்மன் மாதிரி. இன்றைய வயர் நுழையாது. தனி வயர் செய்துகொள்ள வேண்டும். 2024-ம் ஆண்டு இதே "33" என்ற பெயரில் புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது. உருவம் பழைய சாயல், உள்ளே இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை பேசக் கூடாது.

அதற்கும் முந்திய "குவாட் 22" வால்வு செட் இன்னும் ஆபத்து. அதற்குச் சொந்தமாகக் கரண்ட் எடுக்கும் வழியே கிடையாது. ஜோடியான பவர் ஆம்பில் இருந்துதான் கரண்ட் வர வேண்டும். அதைத் தனியாக வாங்கி வந்தவர் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்!

ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு என்றால் 100 வோல்ட். அமெரிக்கச் சரக்கு 117 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான். டிரான்ஸ்பார்மர் விலையும் சேரும்.

கடையில் பார்க்க வேண்டியது

நாற்பது, ஐம்பது வருடப் பெட்டியில் முதலில் சாவது கண்டென்சர்கள். உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்துவிடும். அதனால்தான் "கொர்ர்" என்ற உறுமல். மூடியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். உப்பிய கண்டென்சர், கருகிய தடம், கோணல்மாணலான சால்டர் எல்லாம் கண்ணுக்கே தெரியும். வால்வு செட்டில் விரல் வைக்கக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும்.

வெகுநாள் சும்மா கிடந்த செட்டை நேராக மின்சாரத்தில் போடாமல், குண்டு பல்பு ஒன்றை நடுவில் இணைத்துப் போடுவது ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய முறை. பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

பாட்டு போட்டதும் வால்யூமை மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். கரகரப்பு வந்தால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் தூசிதான், மருந்து அடித்தால் போகும். இடது வலது இரண்டும் ஒரே அளவில் வருகிறதா என்பதுதான் முக்கியம். வால்வை பென்சிலால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் "டங்" என்று பலமாகக் கேட்டால் அந்த வால்வு மாற்ற வேண்டியது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்த காலம் போய்விட்டது. இப்போது சுலோவாக்கியா, ரஷியா, சீனா சரக்குதான்.

அவர் சொல்லும் விலையோடு பாதியைச் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது. கண்டென்சர், வயர், மெக்கானிக் கூலி எல்லாம் அந்தப் பாதிக்குள் ஓடிவிடும். அந்தத் தொகையையும் ஒரு புது போனோ பிரீ-ஆம்பின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தட்டு கேட்க மட்டும் என்றால் சில ஆயிரம் ரூபாயில் சிறு பெட்டி கிடைக்கிறது. சுப்ரபாதத் தட்டுக்கு அது போதும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

பழையதே வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. 1954-க்கு முன் வந்த 78 சுற்றுத் தட்டுகளை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவில் வெட்டியது. சித்தூர் வி. நாகையா ராணாவாக நடித்த, 1945-ல் வந்த "மீரா" படத்தின் பாட்டுத் தட்டு யாரிடமாவது இருந்தால், மலிவான புதுப் பெட்டி அதைச் சரியாகப் பாடாது. "குவாட் 22" போன்றவற்றில் அந்தந்த அளவுக்குத் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. ஜோடி பவர் ஆம்போடு, வேலை செய்யும் நிலையில் கிடைத்தால் 78 தட்டு சேர்ப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். ஊசி மட்டும் அகல ஊசியாக மாற்ற வேண்டும்.

தேடிப் போக சென்னைதான். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோய், அந்த இடத்தில் இன்று புறநகர் ரெயில் நிலையம் நிற்கிறது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. உதிரிச் சாமான்களுக்கு ரிச்சி தெரு. திருப்பதியில் இருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸ். சித்தூர்க்காரர்கள் காட்பாடி போய் மாறலாம். வாங்கி வரும்போது வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக எடுத்து, எது எந்தத் துளை என்று நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளாமல் மடியில் வைத்துக்கொள்வது நல்லது.