பழைய ஜீப்பும் இலவம் பஞ்சும்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளைக் கண்டிருப்பீர்கள். 1940களின் இறுதியில் மகீந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டத் தொடங்கிய வண்டியின் வழிவந்தவை அவை. போருக்கென்று பிறந்த வண்டியில் சொகுசுக்கு இடமேது? அத்தகைய வண்டியொன்றின் உட்புறத்தைக் குறைந்த செலவில் செப்பனிட முற்பட்டேன்.

முதலிலேயே பிழை செய்தேன். அடித்தகட்டின்மீது அழகிய கம்பளம் ஒட்டினேன். ஒரு மழைக்காலம் சென்றது. கம்பளம் குடித்த நீர் தகட்டை அரித்துவிட்டது. ஏலம் பறிக்கும் மூதாட்டி ஒருவரின் கால் அதில் புதைந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. நல்லவேளையாக வண்டி நின்றுகொண்டிருந்தது. துருவைச் சுரண்டி, புதுத் தகடு பற்றவைத்து, கழற்றிக் கழுவத்தக்க ரப்பர் விரிப்பை இட்டேன். பணத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது.

இருக்கைக்கு வருவோம். போடி, இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர். அப்பஞ்சின் இழை குழல்போல் உள்ளீடற்றது. மேலே மெழுகுப் படலம் உண்டு. ஆகவே நீர் எளிதில் ஒட்டாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயிர்காப்பு மிதவை அங்கிகளில் அதனை அடைத்தனர். எனினும் தொடர்ந்து அமர்ந்தால் நசுங்கும். வழுக்கி ஓரிடத்தில் திரளும். தீப்பொறி பட்டால் நொடியில் பற்றும். எனவே பளுவைத் தாங்கத் தென்னைநார் மெத்தையைக் கீழே வைத்து, மேலே பஞ்சை மெல்லியதாய்ப் பரப்பி, ரெக்சின் உறையில் நெருக்கமான வரித்தையல் இடுவித்தேன். மின்கம்பிகளை இருக்கையினின்று விலக்கிக் குழாய்க்குள் செலுத்தினோம்.

கூரைக்குப் பணம் எஞ்சவில்லை. பழைய தார்ப்பாய்க்கே ஒட்டுப் போட்டோம். அம்மூதாட்டி இன்றும் தரையைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகே அமர்கிறார்.