பழைய போட் இன்ஜினுக்கு எந்த எரிபொருள்?

கரையில இன்ஜின் நின்னா மெக்கானிக்கைக் கூப்பிடலாம். நடுக்கடல்ல நின்னா? ஃபைபர் படகில் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் வைத்திருப்பவரா நீங்கள்? இதைக் கவனியுங்கள்.

எந்த ரகம்?
பெட்ரோல் இன்ஜினில் 'விலை குறைவுதானே'ன்னு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். பிளக்கில் கரி பிடிக்கும், இன்ஜின் தட்டும். மண்ணெண்ணெய் இன்ஜின் என்றால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு வந்துவிடுங்கள்.

ஆயில் எவ்வளவு?
50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மி.லி. சில பழைய இன்ஜின்களுக்கு இதைவிட அதிகம் தேவை. கையேட்டில் உள்ள அளவே சரி. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும். பைக் ஆயில் வேண்டாம்; டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

எத்தனால் என்ன செய்யும்?
இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. அதை இன்ஜின் உறிஞ்சினால் ஆபத்து. பழைய ரப்பர் குழாய்களும் ஊறி இளகும்.

என்ன பண்ணலாம்?
• தேவைக்கு மட்டும் வாங்கிக் கலக்குங்கள்.
• டேங்க் மூடியை இறுக்கமாக மூடுங்கள்.
• தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் பொருத்துங்கள்.
• புயல் எச்சரிக்கையால் படகு பல நாள் கரையில் கிடந்தால், கார்புரேட்டரில் உள்ள எரிபொருளை வடித்துவிடுங்கள்.

கடலில் அவசரம் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554-இல் அழைக்கலாம். இப்போதே உங்கள் போனில் சேமித்து வையுங்கள்!