பெற்றவளே விருந்தாளி!

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் முதலில் என்ன கேட்போம்? "குழந்தை யார் ஜாடை?" என்றுதானே? என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வேன்? ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், குழந்தையை அனுப்பவில்லை. அவளுக்கு மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், தலையில் புருவம் வரை ஒரு குல்லாய். இவற்றுக்கு நடுவே ஜாடையை எங்கே தேடுவது?

37 வாரம் நிரம்புமுன் பிறந்தால் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். என் மகள் 30 வாரத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். எடை 1,240 கிராம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தது 47 நாள். பதினோராம் நாள் தொட்டில் கட்ட வேண்டிய உத்தரம் வெறுமையாகவே இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! யார் மேல் கோபம் என்று கேட்டால் அதுவும் தெரியாது. நான் பெற்ற குழந்தையைத் தொட நான் அனுமதி கேட்க வேண்டும். "கையைக் கழுவினீர்களா? நேரமாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். "ராத்திரி பாப்பா ஒரே அழுகை" என்று நர்ஸ் அன்போடுதான் சொல்வாள். ஆனால் அது எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? பெற்றவள் நான் விருந்தாளி, வீட்டுக்காரி அவள்!

எடையோ பரமபத ஆட்டம்தான். இன்று இருபது கிராம் ஏணி. நாளை முப்பது கிராம் பாம்பு. ஒரு நாள், "நாளன்றைக்கு அழைத்துப் போகலாம்" என்றார் டாக்டர் அம்மா. அன்றிரவே குழந்தைக்கு மூச்சு சில விநாடி நின்று திரும்பியது. மறுபடியும் பல நாள் காவல். நான் பொறுமை இழந்து சண்டைக்கே போய்விட்டேன்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "மூச்சை நடத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் சாமர்த்தியம் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் வரும். வயிற்றுக்குள் முடிக்க வேண்டிய பாடத்தை உங்கள் மகள் வெளியே படிக்கிறாள்" என்றார்.

"அப்படியானால் எனக்கும் ஒரு வேலை கொடுங்கள்" என்றேன். அதன் பிறகுதான், பத்தொன்பதாம் நாள், குழந்தையை என் மார்போடு மார்பாகச் சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார்கள். என் உள்ளங்கை அகலமே அவள் முதுகு. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீராயிற்று, என் மூச்சும்தான்!

இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் 1978-ல் தொடங்கியது. ஏழ்மையில் பிறந்த யோசனை இன்று உலகுக்கே வைத்தியமாகிவிட்டது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை தேறட்டும் என்று காத்திராமல், பிறந்தவுடனேயே மார்பில் சேர்த்தபோது மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதற்காக டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் பக்கத்திலேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். செயற்கை மூச்சு தேவைப்படுவது போன்ற கடும் ஆபத்தில் உள்ள குழந்தைகள் தவிர மற்றவர்களுக்கு இதை உடனே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் சொல்லிவிட்டது.

இது தெரிந்தபோது என் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. பதினெட்டு நாளை வீணாக்கிவிட்டோமே! ஆகையால் வாசகர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதல் நாளே டாக்டரைக் கேளுங்கள்: "எப்போது மார்பில் சேர்க்கலாம்?" தாய் படுத்த படுக்கையாக இருந்தால் தகப்பனார் இருக்கிறார், பாட்டி இருக்கிறாள். என் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது முகம் சுளித்த என் மாமியார், மறுநாளே, "எனக்கும் ஒரு தரம் கொடேன்" என்றார்!

உற்றார் உறவினருக்கும் ஒரு வார்த்தை. "எப்போது வீட்டுக்கு வரும்?" என்று தாயைத் துளைக்காதீர்கள், அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். கண் பரிசோதனைக்கு டாக்டர் சொன்ன தேதியைத் தவறவிடாமல் நினைவூட்டுங்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைக்கு ஆபத்து வரக்கூடும். "அடுத்த வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டதே" என்று ஒப்பிடாதீர்கள். இவர்கள் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

நாற்பத்தேழாம் நாள் 1,890 கிராமோடு என் மகள் வீட்டுப் படி ஏறினாள். யார் ஜாடை என்றா கேட்கிறீர்கள்? சந்தேகமே இல்லை, என் மாமியார் ஜாடைதான். அந்தப் பிடிவாதம் ஒன்று போதாதா?