நடுகல் எழுத்தும் தலைப்பு எழுத்தும்

பத்திரிகையைக் கையில் எடுத்ததும் நேயர்கள் முதலில் காண்பது எதை? கதையையோ கட்டுரையையோ அல்ல, தலைப்பு எழுத்தைத்தான். அதற்குரிய வடிவத்தைச் சித்திரக்காரர்கள் எங்கிருந்து பெறுகிறார்கள் என்று விசாரிக்கப் புகுந்த நாம், தருமபுரி ஜில்லாவின் நடுகற்களிடம் வந்து சேர்ந்தோம்.

ரோமாபுரியில் கி.பி. 113-ல் டிராஜன் சக்கரவர்த்திக்கு எடுத்த வெற்றித் தூணின் பீடத்தில் ஒரு சாஸனம் இருக்கிறது. அதை மாதிரியாகக் கொண்டு 1989-ல் அமெரிக்கப் பெண்மணி கரோல் டுவாம்ப்லி 'டிராஜன்' என்ற தலைப்பெழுத்தை வரைந்தார். ஹாலிவுட் சினிமா விளம்பரங்களில் அது எங்கும் ஏறிவிட்டது.

நம்மிடம் கல் இல்லையா? அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களுக்கு இப்பிரதேசத்தார் கல் நட்டார்கள். பல்லவ அரசரின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் பட்ட விதம் ஆகியவற்றை வட்டெழுத்தில் வெட்டினார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் அத்தகைய கற்களைக் காணலாம். வில்லும் வாளும் ஏந்தி வீரன் நிற்க, மிச்சமிருக்கும் இடத்தில் எழுத்து ஓடுகிறது. ஓர் எழுத்துப் பெரிது, அடுத்தது சிறிது. ஆயினும் என்ன கம்பீரம்! வழியே போகிறவனை நிறுத்திப் பார்க்கச் செய்ய வெட்டிய எழுத்து அது. தலைப்பு எழுத்தின் வேலையும் அதுவே அல்லவா?

அப்படியே பிரதி செய்வதில் பயன் இல்லை. வட்டெழுத்தை இன்று படிக்கத் தெரிந்தவர் சிலரே. அதில் பகரமும் வகரமும் இரட்டைப் பிள்ளைகள்போல் நின்று பண்டிதர்களையே ஏமாற்றும். நாம் கொள்ள வேண்டியது அதன் நடையை. ஒரே பருமனாய்ச் செல்லும் கோடு, திறந்து நிற்கும் வளைவு, பக்கத்து எழுத்துக்கு இடம் விட்டு ஒதுங்கும் தோரணை ஆகியவை இன்றைய தமிழுக்கும் பொருந்தும். அதை விட்டு, ரோமன் எழுத்தின் தடித்த காலையும் மெல்லிய காலையும் நம் ழகரத்துக்கு மாட்டுவது பஞ்சகச்சத்துக்குக் கீழே பூட்ஸ் போடுவதாகும் என்பது நமது அபிப்பிராயம்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்தில் 1713-ல் அச்சு வேலை தொடங்கியது. அது மிகப் பெரிதாயிருந்தபடியால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பிறகு இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பாதிரிமார்கள் அறியாமலே தலைப்பு எழுத்துச் செய்துவிட்டார்கள் போலும்!

1978-ல் தமிழக அரசாங்கத்தார் எழுத்தைச் சீர்திருத்தியபோது 'ணை', 'லை' முதலியவற்றின் யானைத் துதிக்கை போயிற்று. அச்சுக் கோப்பவருக்குச் சௌகரியந்தான். தலைப்பு வரைபவருக்கோ அழகான ஒரு வளைவு நஷ்டம். தலைப்பில் மட்டுமாவது அதை மீட்டுக்கொண்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

வயல் ஓரங்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கற்களில் எழுத்துத் தேய்ந்துகொண்டே வருகிறது. எழுத்து வரைவோர் தாமதியாமல் காகிதமும் பென்ஸிலுமாகத் தருமபுரிக்கு ரயில் ஏறட்டும். அப்படியே பாப்பாரப்பட்டிக்கும் போய் வரலாம். 'ஞானபாநு' பத்திரிகையை நடத்திய தேசபக்தர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடிய ஊர் அது.